லேசான காத்துல ஸ்ட்ராப்லெஸ்: லிட்டரை நம்பி ஏமாந்த கதை

நான் ஓட்டுறது கைட் சர்ஃபிங், பெரிய பட்டம் (கைட்) இழுக்க போர்டு மேல நின்னு கடல்ல போறது, அதுலயும் ஸ்ட்ராப்லெஸ், அதாவது காலை மாட்டிக்கிற ஸ்ட்ராப் இல்லாம. அன்னிக்கு காத்து 11 நாட் (மணிக்கு 20 கிலோமீட்டர் மாதிரி) இருக்கும், என் கையில 12 மீட்டர் (சதுர மீட்டர்தான், சுருக்கமா இப்படி சொல்லுவோம்) கைட், தண்ணிக்குள்ள அதே 12 மீட்டரோட இன்னொருத்தர் போய்க்கிட்டு இருக்கார், என்னை விட அஞ்சாறு கிலோவாச்சும் கூட இருப்பார், அவர் பாட்டுக்கு காத்து வர்ற பக்கமா ஏறி ஏறி எங்கயோ போயிட்டார். நான் இடுப்பளவு தண்ணியில முக்கிக்கிட்டு இருக்கேன். கைட்டை டைவ் பண்ணா, அதாவது மேலேர்ந்து வேகமா கீழ இறக்கினா, போர்டு எந்திரிக்குது, பத்து அடி ஓடுது, கைட் திரும்ப மேல போற நேரத்துக்கு இழுவை குறையுது பாருங்க, அந்த ஒரு செகண்ட்ல பொத்துனு உக்காந்துடுது. திரும்ப டைவ், திரும்ப பொத்து. அரை மணி நேரம் இப்படி போராடி, கிளம்பின எடத்துலேர்ந்து காத்து போற பக்கமா எங்கயோ கீழ கரை ஒதுங்கி, கைட்டை தலைக்கு மேல நிறுத்தி போர்டை கக்கத்துல இடுக்கிக்கிட்டு மணல்ல நடந்தேன். நாக்கு தள்ளிருச்சு.

இதுல கடுப்பு என்னன்னா அந்த போர்டை நான் லேசான காத்துக்குன்னே தேடி வாங்கினது. 6 அடி 2 இஞ்ச், 36 லிட்டர் (லிட்டர்னா போர்டோட கன அளவு, வால்யூம்). அதுக்கு முன்னாடி இருந்தது 27 லிட்டர், அதுல 14 நாட்டுக்கு கீழ ஒண்ணும் நடக்கல, அப்ப லிட்டரை ஏத்தினா மிதக்கும், மிதந்தா ஓடும், இவ்ளோதான் என் கணக்கு. வித்தவரும் "வால்யூம் நல்லா இருக்கு, லைட் விண்டுக்கு சூப்பரா போகும்"னார், நானும் தலையாட்டிட்டு தூக்கிட்டு வந்துட்டேன்.

அந்த அண்ணன் கரைக்கு வந்ததும் வெக்கத்தை விட்டு போய் கேட்டேன், உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே ஓடுதுன்னு. அவர் கைட் பக்கமே போகல, "போர்டைத் திருப்பிப் போடு தம்பி"ன்னார். ரெண்டு போர்டையும் அடிப்பக்கம் மேல தெரியற மாதிரி மணல்ல பக்கத்துல பக்கத்துல போட்டோம். எங்கிருந்தோ ஒரு நேரான சட்டத்தை எடுத்துட்டு வந்து, போர்டு நடுவுலேர்ந்து டெயில் (பின்பக்க நுனி) வரைக்கும் நீளவாக்குல வெச்சு, டெயில் நுனியில சட்டத்துக்கும் போர்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு விரலை விட்டுப் பாத்தார். அவரோடதுல ரெண்டு விரல் டைட்டா போச்சு. என்னோடதுல மூணு விரல் போயும் ஆடுது. "இது தண்ணி மேல ஓடல தம்பி, தண்ணியைத் தள்ளிக்கிட்டு போகுது"ன்னார். அவ்ளோதான் சொன்னார், அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து நானா உக்காந்து படிச்சு, நாலஞ்சு பேரோட போர்டை கடன் வாங்கி ஓட்டி தெரிஞ்சுக்கிட்டதுதான் மீதியெல்லாம்.

முதல்ல லிட்டர் சமாச்சாரம். நான் 74 கிலோ, ஹார்னஸ் (கைட்டை மாட்டிக்கிற இடுப்புப் பட்டை), நனைஞ்ச துணி, போர்டு எல்லாம் சேத்தா 80 வருது. கடல் தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்கு கொஞ்சம் மேல, அப்ப நான் போர்டு மேல சும்மா நின்னு மிதக்கணும்னா 78 லிட்டர் மாதிரி வேணும். 27 லிட்டரும் முழுகும், 36 லிட்டரும் முழுகும், கொஞ்சம் மெதுவா முழுகும் அவ்ளோதான் வித்தியாசம். கையால துடுப்பு போட்டு அலை பிடிக்கிறவங்களுக்கு லிட்டர்தான் உயிர், ஏன்னா பாதி உடம்பு தண்ணியில கெடக்கு, மெதுவாத்தான் போறாங்க. நமக்கு கைட் இழுக்குது, ஓட ஆரம்பிச்சிட்டா நம்மளைத் தாங்குறது மிதப்பு இல்ல, போர்டோட அடிப்பக்கம் தண்ணியை அழுத்துறதுல வர்ற தூக்கல்தான். அந்த தூக்கல் எவ்ளோ கம்மி வேகத்துல வரும்ங்கிறதை முடிவு பண்றது அகலமும் தட்டையும். லிட்டர் வெறும் தடிமனாலயும் ஏறலாம், என் 36 லிட்டர்ல பாதி அப்படி வந்ததுதான், நடுவுல தலகாணி மாதிரி புடைச்சுக்கிட்டு இருக்கும்.

லிட்டரே வேஸ்ட்னு சொல்லல. காத்து ஒரு நிமிஷம் படுக்கும்போது, இல்ல திரும்பும்போது கைட் தலைக்கு மேல நிக்கிற அந்த நேரத்துல, ரெண்டு மூணு லிட்டர் கூட இருந்தா முழுகறதுக்குள்ள சமாளிச்சிடலாம். ஆனா பாக்க வேண்டிய வரிசையில அது நாலாவதோ அஞ்சாவதோதான்.

முதல் எடம் ராக்கருக்கு. போர்டை பக்கவாட்டுல பாத்தா வாழைப்பழம் மாதிரி ஒரு வளைவு தெரியும்ல, அதுதான். வளைவு கூட இருந்தா செங்குத்தா வர்ற அலையில மூக்கு குத்தாம இறங்கலாம், டக்குனு திருப்பலாம், ஆனா தட்டைத் தண்ணியில அது பிரேக். அதுலயும் நான் மூக்குப் பக்க வளைவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், மூக்கு பெரும்பாலும் தண்ணியை விட்டு வெளியதான் இருக்கு, அது கொஞ்சம் வளைஞ்சா ஒண்ணும் ஆகாது. நம்ம ரெண்டு காலுக்கும் நடுவுலேர்ந்து டெயில் வரைக்கும் இருக்கிற பகுதிதான் எப்பவும் தண்ணியில இருக்கிறது, அது தட்டையா இருக்கணும். கடையிலயோ பழசு வாங்க போற எடத்துலயோ சட்டம் கிடைக்கலன்னா போர்டை கண்ணு மட்டத்துக்கு தூக்கி ஒரு கண்ணை மூடிக்கிட்டு டெயில் பக்கத்துலேர்ந்து நீளவாக்குல பாருங்க, ரெண்டு மூணு போர்டு இப்படி பாத்தாலே வித்தியாசம் பிடிபட்டுடும்.

அடுத்து டெயில் அகலம். அகலக்கால் வைக்காதேன்னு வீட்டுல சொல்லுவாங்க, இங்க அகலம்தான் காப்பாத்துது. போர்டு அகலம்னு எழுதியிருக்கிறது நடுவுல இருக்கிற அதிகபட்ச அகலம், 19 இஞ்ச் 19 அரை இஞ்ச்னு. அது மட்டும் போதாது. டெயில் நுனியிலேர்ந்து 12 இஞ்ச் மேல டேப்பை வெச்சு அளந்து பாருங்க, போர்டு செய்யற ஷேப்பர்கள் டெயில் அகலம்னு சொல்றது அந்த எடத்தைத்தான், நம்ம பின்னங்கால் நிக்கிறதும் கிட்டத்தட்ட அங்கதான். என்னோட 6 அடி 2 இஞ்ச்ல அது 14 இஞ்ச்க்கும் கொஞ்சம் கம்மி. அந்த அண்ணன் போர்டுல 16. நடு அகலத்துல ரெண்டுக்கும் அரை இஞ்ச்தான் வித்தியாசம்! பின்னங்காலை அழுத்தினா என்னோடது உள்ள போகுது, அவரோடது தாங்குது. மொத்த கதையும் இந்த ரெண்டு இஞ்ச்லயும் ஒரு விரல்லயும் முடிஞ்சு போச்சு.

அவரோடது ஃபிஷ். 1960கள் கடைசியில சான் டியேகோவுல ஸ்டீவ் லிஸ் முட்டி போட்டு ஓட்டுறதுக்காக செஞ்ச வடிவம், குட்டை, அகலம், தட்டை, டெயில் மீன் வால் மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கும். சக்தி கம்மியான அலையிலயும் ஓடணும்ங்கிறதுதான் அந்த வடிவத்துக்கு இருக்கிற பேரே, நமக்கு அலைக்கு பதிலா காத்துல சக்தி கம்மி, அதனால அது அப்படியே பொருந்திப் போகுது. இப்ப மூக்கே இல்லாம மொட்டையா வர்ற போர்டுகளும் இதே யோசனைதான், டேனியல் தாம்சன் வடிவமைச்ச ஃபயர்வயர் வேன்கார்ட் மாதிரி, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட நேர்கோடா போகும், வளைஞ்சு குறுகிப் போற மூக்கை வெட்டிட்டதால 5 அடியிலயே பெரிய போர்டோட வேலையைப் பாக்கும். கைட் கம்பெனிகள் ஸ்ட்ராப்லெஸ்னு போட்டு விக்கிற குட்டை போர்டுகள்லயும் இந்த மொட்டை மூக்கு நிறைய. ஒரு விஷயம், தட்டை ராக்கரும் மொட்டை மூக்கும் சேந்தா செங்குத்தான அலையில முன்னாடி குத்தும், ஒரு தடவை அப்படி குத்தி நான் கைட்டோட முன்னாடி பறந்து விழுந்தேன். ஆனா லேசான காத்து நாள்ல அப்படிப்பட்ட அலை எத்தனை தடவை வருது, நீங்களே சொல்லுங்க.

நீளத்துலயும் நான் ஏமாந்தேன். நீளமா இருந்தா நல்லா ஓடும்ங்கிறது ஓரளவு நிஜம்தான், ஆனா 6 அடி போர்டை தண்ணிக்குள்ள காலுக்கு அடியில கொண்டு வர்றதே ஒரு வேலை, அலை வந்து மூக்கைத் தட்டினா மொத்தமா திரும்பிக்கும், ஸ்ட்ராப் வேற இல்லையா, குதிகாலால டெக்கை (போர்டோட மேல்பக்கம்) அழுத்திப் பிடிச்சு வெச்சுத்தான் கிளம்பணும். என் எடைக்கு 5 அடி 3லேர்ந்து 5 அடி 7 வரைக்கும் அகலமா இருக்கிறது போதும்னு இப்ப தோணுது, 85 கிலோவுக்கு மேல இருக்கிறவங்க ரெண்டு மூணு இஞ்ச் ஏத்திக்கலாம். ரெயில், அதாவது பக்கவாட்டு விளிம்பு, கத்தி மாதிரி மெலிசா இருக்கிறதை விட கொஞ்சம் உருண்டு கனமா இருந்தா கம்மி வேகத்துல தாங்கும்.

போர்டு அடியில மீன் துடுப்பு மாதிரி நிக்கிற ஃபின் பத்தி சொல்லாம விட்டா பாதிதான் சொன்ன மாதிரி. லேசான காத்துல ஓடுறது பாதி பிரச்சனை, கிளம்பின எடத்துக்கு திரும்பி வர்றது மீதி பிரச்சனை, காத்துக்கு எதிரா ஏறி வர பக்கவாட்டுல வழுக்காம பிடிக்கிறதுல ரெயிலுக்கும் ஃபின்னுக்கும்தான் பங்கு. 1980ல ஆஸ்திரேலியாவோட சைமன் ஆண்டர்சன் கொண்டு வந்த மூணு ஃபின் த்ரஸ்டர்தான் எங்க பாத்தாலும் இருக்கும், அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா நான் நாலு ஃபின் போட்டுப் பாத்ததுலேர்ந்து திரும்ப மாத்தல. நடு ஃபின் இல்லாததால இழுவை கம்மியா தெரியுது, ரெண்டு பெரிய ஃபின் ரெயில் ஓரத்துலயே இருக்கிறதால ஏறும்போது கப்புனு பிடிக்குது. திருப்பும்போது த்ரஸ்டர் அளவுக்கு டக்குனு நிக்காது, அது பழகிடும். நடுத்தரம் போட்டுக்கிட்டு இருந்தவங்க ஒரு சைஸ் பெருசு போட்டுப் பாருங்க, வேகம் கம்மியா இருக்கும்போது சின்ன ஃபின் பிடிக்கிறதுக்கு தண்ணி ஓட்டமே பத்தாது. பழைய போர்டு வாங்குறவங்க ஃபின் பெட்டி எஃப்சிஎஸ்ஸா ஃபியூச்சர்ஸான்னு பாத்துக்கங்க, ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தாது. நான் பாக்காம ஃபின் வாங்கிட்டு வந்து ரெண்டு மாசம் அலமாரியில வெச்சிருந்தேன்.

போர்டு எதால செஞ்சதுங்கிறது அடுத்த தலைவலி. சாதாரண சர்ஃப் போர்டு கைட்டுக்கு ஓட்டலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. லேசான காத்துல, குதிக்காம ஓட்டுறதா இருந்தா தாராளமா. ஆனா கைட் இழுவைக்கு எதிரா மணிக்கணக்கா குதிகால்ல அழுத்தி நிக்கிறோம், அதுக்காக செஞ்ச டெக் இல்ல அது, ரெண்டே வாரத்துல குதிகால் அளவுக்கு குழி விழும். என் ரெண்டாவது போர்டுல ரெண்டு குழி, ஒண்ணு கொஞ்சம் பெருசு, அதைப் பாத்தாலே நான் எந்தப் பக்கம் நல்லா ஓட்டுவேன்னு தெரிஞ்சிடும். குழி பரவாயில்ல, அதோட ஓட்டலாம், அதுல மயிர்க்கோடு மாதிரி விரிசல் ஓடுதான்னுதான் பாக்கணும். விரிசல்ல தண்ணி இறங்கினா, அதுவும் உள்ள இபிஎஸ் ஃபோமா (தெர்மாகோல் வகை) இருந்தா, குடிச்சுக்கிட்டே போகும், போர்டை சாய்ச்சு வெச்சா ரெண்டு நாள் கழிச்சும் சொட்டிக்கிட்டு இருக்கும். பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் அவ்ளோ குடிக்காது, ஆனா எடை கொஞ்சம் கூட. எடை கூட இருக்கிறது கெட்டதுன்னு நெனச்சேன், அப்படியும் இல்ல, குட்டி குட்டியா அலை கொத்திக்கிட்டு இருக்கிற தண்ணியில எடையான போர்டு தடதடன்னு அடிக்காம போகும், ரொம்ப லேசான போர்டு காலுக்கு அடியில நழுவும். குதிச்சு வித்தை காட்டுறவங்களுக்கு லேசு வேணும். நான் குதிக்கிறதில்ல, முட்டிக்கும் எனக்கும் ஒப்பந்தம்.

ஸ்ட்ராப் இல்லாம ஓட்டுறதுல லேசான காத்துக்கு ஒரு பெரிய லாபம் இருக்கு, இதை நான் லேட்டாத்தான் கவனிச்சேன். ஸ்ட்ராப்ல மாட்டிட்டா கால் அங்கயேதான். ஸ்ட்ராப் இல்லன்னா காத்து படுக்கறப்ப முன்னங்காலை ஒரு சாண் முன்னாடி தள்ளி வெக்கலாம், பின்னங்காலும் கூடவே வந்துடும், எடை முன்னாடி போனதும் டெயில் எந்திரிக்கும், போர்டு தட்டையாகி ஓட்டம் நிக்காம போகும், காத்து திரும்ப வந்ததும் பின்னாடி நகந்துக்கலாம். அந்த அண்ணன் பாத்தா நடந்துக்கிட்டே இருப்பார், டெக் மேல சின்னச் சின்னதா அடி வெச்சு முன்ன பின்ன. அதனால போர்டு வாங்கும்போது கால் வழுக்காம இருக்க ஒட்டுற பேட் எதுவரைக்கும் ஒட்டியிருக்குன்னு பாருங்க, பின்னாடி மட்டும் பேட் இருந்தா முன்னாடி முழுக்க வாக்ஸ் (மெழுகு) தேச்சுக்கணும், கிட்டத்தட்ட மூக்கு வரைக்கும். தண்ணி சூட்டுக்கு ஏத்த வாக்ஸ் போடணும், குளிர் தண்ணி வாக்ஸை சூடான தண்ணியில போட்டா வெண்ணெய் மாதிரி வழிஞ்சு போகும்.

கிளம்புறதும் அப்படித்தான், ஆரம்பத்துல காத்து போற திசைக்கே மூக்கை கொஞ்சம் காட்டி வேகம் ஏத்தணும், ஓட்டம் பிடிச்சதும் கைட்டுக்கு படுற காத்தும் கூடும், அப்புறமா மெதுவா காத்து வர்ற பக்கமா மேல ஏத்தணும். எந்திரிச்ச உடனே மேல ஏறப் பாத்தா எப்பேர்ப்பட்ட போர்டும் உக்காந்துடும். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல்னு எனக்கே சொல்லிக்கிட்டேன், ஆனா என் விஷயத்துல மேடையும் கோணல்தான்.

கயிறு பத்தி ஒரு வார்த்தை. போர்டு ஓடிப் போகுதேன்னு காலுக்கு லீஷ் கட்டாதீங்க, கைட் நம்மளை இழுக்கும், தண்ணி போர்டைப் பிடிச்சு வெக்கும், இழுபட்ட கயிறு விட்டதும் போர்டு நேரா மண்டைக்கு வரும். ஒரு கையை தண்ணிக்குள்ள நீட்டி காத்துக்கு எதிரா உடம்பை இழுத்துக்கிட்டு போய் போர்டை எடுக்கப் பழகணும், லேசான காத்துல அது ரொம்ப மெதுவா நடக்கும், பொறுமை வேணும்.

இவ்ளோ சொல்லிட்டு கைட்டை விட்டுட்டா தப்பு. கைட்டோட இழுவை காத்து வேகத்தோட வர்க்கத்துல போகுது, அதாவது 14 நாட் 10 நாட் ஆனா இழுவை கிட்டத்தட்ட பாதியாகுது. எந்த போர்டு வாங்கினாலும் அந்தப் பாதியைத் திருப்பிக் கொடுக்காது. என் அனுபவத்துல நல்ல தட்டை போர்டு எனக்கு ரெண்டு, மிஞ்சிப் போனா ரெண்டரை நாட் வாங்கிக் கொடுத்திருக்கு, 14ல கிளம்பினவன் இப்ப பதினொண்ணரை பன்னெண்டுல கிளம்புறேன். அதுக்கும் கீழ போனா போர்டு ஓடுமா ஓடாதாங்கிறதை விட கைட் வானத்துல நிக்குமாங்கிறதுதான் கேள்வி. காத்து ஊதி நிமிர்த்துற கைட்ல ஸ்ட்ரட் (குறுக்கால போற ஊதின குழாய்) கம்மியா, எடை கம்மியா இருக்கிறதா பாருங்க, 17 மீட்டர் கனமான கைட்டை விட 12 மீட்டர் லேசான கைட்டை வேகமா ஆட்டி ஓட்டுறது எனக்கு ஒத்து வருது. தண்ணியில விழுந்துட்டா எந்திரிக்கிறதும் லேசானதுதான்.

ஃபாயில் (அடியில மாஸ்ட்ங்கிற கம்பமும் அதோட நுனியில இறக்கையும் இருக்கிற போர்டு, தண்ணிக்கு மேல தூக்கிக்கிட்டு போகும்) வாங்கிடு, 8 நாட்லயே பறக்கலாம்னு பத்துல எட்டு பேர் சொல்றாங்க. பறக்கலாம், மறுக்கல. ஆனா எனக்கு தண்ணி காலுக்கு அடியில உரசிக்கிட்டு போகணும், அந்த சத்தத்துக்குத்தான் நான் வர்றதே. கரை ஓரத்துல முட்டியளவு தண்ணியில விளையாட முடியாது வேற, 80 சென்டிமீட்டர் மாஸ்ட் தரை தட்டும்.

கடைசியா நான் வாங்கினது 5 அடி 5 இஞ்ச், நடுவுல 20 இஞ்ச், டெயில்ல பதினஞ்சே முக்கால், 29 லிட்டர், நாலு ஃபின், இன்னொருத்தர் ஓட்டிப் பழசானது, சட்டம் வெச்சு விரல் விட்டுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன், வித்தவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். அதே 12 மீட்டர் கைட். முதல் நாள் 12 நாட் இருக்கும், ஒரு டைவ்ல எந்திரிச்சுது, நான் பழக்கதோஷத்துல அடுத்த டைவுக்கு ரெடியாகி கைட்டை ஓட்டுற பாரை (கைப்பிடி) இழுத்துட்டு நிக்கிறேன், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. பழைய 36 லிட்டரை விக்கல. காத்தே இல்லாத நாள்ல அதுல படுத்து துடுப்பு போட்டு போய் அலை பிடிக்கிறேன், அதுக்கு அருமையா இருக்கு, பாவம் அதை செஞ்சதே அதுக்குத்தான்.